பெட்டி நம் வீட்டில், சாவி யாரிடம்?

எங்கள் செலாயாங் வீட்டு ஹாலில், சாமி மாடத்துக்குக் கீழே, நான்கு வருடமாக ஒரு வெள்ளைப் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மாதம் தவறாமல் அதற்குக் காசு கட்டினோம். தூசு தட்டினோம். சாயங்காலம் இடி இடித்தால் யாராவது ஓடிப்போய் அதன் பிளக்கைப் பிடுங்குவோம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் போகிற கடவுச்சொல் எங்களிடம் இல்லை. வைஃபையின் பெயரை மாற்றலாம், வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றலாம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வேறு யாரோ வைத்திருக்கிற சாவிக்குள் இருந்தது.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புத்தகச் சந்திப்பு முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றேன். கவிஞர் ஒருவர் தே தாரிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ரவுட்டரைப் பத்தியா? கம்ப்யூட்டர் கடைக்காரன் எழுத வேண்டியதை நீ ஏன்யா எழுதுற? எழுத்தாளனுக்கு வேற வேலையில்லையா?”

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கட்டுரை. இணையத்தை அடைத்து வைப்பவர்களைவிட, அடைத்திருக்கிறது என்றே தெரியாமல் அதற்குள் உட்கார்ந்து சுதந்திரத்தைப் பற்றிக் கவிதை எழுதுபவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2021 தொடக்கம். நடமாட்டக் கட்டுப்பாடு. எங்கள் பக்கத்துக்கு அது புதிதல்ல. முந்தைய வருடம் ஏப்ரலில் செலாயாங் பாசார் போரோங்கைச் சுற்றி முள்வேலி போட்டு அடைத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். பள்ளி மூடி, பிடிபிஆர் என்ற பெயரில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம். தங்கை, மச்சான், அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான் என்று ஆறு பேருக்கும் ஒரே இணைப்பு. காலை எட்டு மணிக்கு மூன்று வகுப்புகள் ஒன்றாகத் தொடங்கும். எட்டேகாலுக்கு டீச்சரின் முகம் உறைந்துவிடும். நடுப் பையன் ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் மைக்கை மூடிவிட்டு என்னிடம் வந்தான். “மாமா, டீச்சர் என்னைக் கேள்வி கேட்டாங்க. நான் பதில் சொன்னேன். அவங்களுக்குக் கேக்கல. வகுப்புல கவனமில்லன்னு எழுதிட்டாங்க.”

இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டோம். நான்கு நாள் கழித்து டெக்னீஷியன் வந்தார். நல்ல பையன், தமிழ்ப் பையன். வேகத்தை அளந்து பார்த்தார், சரியாக இருந்தது. “அண்ணே, லைன் ஓக்கேதான். வீட்ல ஆளுங்க அதிகம். பேக்கேஜ் கூட்டிப் போட்டீங்கன்னா சரியாயிடும்” என்றார். கூட்டினோம். மாதம் ஐம்பது வெள்ளி அதிகம், இரண்டு வருட ஒப்பந்தம். அடுத்த வாரமும் டீச்சரின் முகம் எட்டேகாலுக்கு உறைந்தது.

பிறகுதான் நானே உட்கார்ந்து அளந்தேன். யாரும் எதுவும் செய்யாதபோது ஒரு சிறு தகவல் போய்த் திரும்ப 12 மில்லி விநாடி. மச்சானுடைய கைப்பேசி அன்றைய படங்களைத் தானாக மேகக் கிடங்குக்கு ஏற்றத் தொடங்கியதும் அது 1,400 மில்லி விநாடி. கிட்டத்தட்ட ஒன்றரை விநாடி. அந்த ஒன்றரை விநாடிக்குள்தான் பையனின் பதில் செத்துப் போயிருக்கிறது.

இது ஒன்றும் மர்மம் இல்லை. இந்த நோய்க்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணையம் ஏன் இப்படித் திணறுகிறது என்று துருவிப் போய், 2010 வாக்கில் அந்தப் பெயரை வைத்து உலகத்துக்குச் சொன்னார். பாசார் போரோங்கைத் தெரிந்தவர்களுக்கு இதை ஒரு வரியில் விளக்கலாம். விடியற்காலை கேமரன் மலையிலிருந்து பத்து லோரி காய்கறி வந்து ஒரே வாசலில் நிற்கிறது. பின்னால் ஒருவன் மோட்டாரில் ஒரு கட்டுக் கறிவேப்பிலையோடு வருகிறான். வாசல்காரனுக்கு வரிசை தவிர வேறெதுவும் தெரியாது. பத்து லோரியும் சரக்கு இறக்கிய பிறகுதான் கறிவேப்பிலைக்கு வழி. கைப்பேசி ஏற்றும் படங்கள் அந்த லோரிகள், பையனின் குரல் கறிவேப்பிலைக் கட்டு. சாலையை அகலமாக்கினால் லோரிகள் வேகமாக வந்து சேரும். வாசலும் வாசல்காரனும் மாறாதவரை கறிவேப்பிலை பின்னால்தான் நிற்கும்.

இதற்கு மருந்தும் 2012லேயே வந்துவிட்டது. காத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். அதோடு, ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுக்கிற ஏற்பாட்டை எரிக் டுமாஸே சேர்த்தார். டேவ் டாட் என்ற மனிதர் ஆண்டுக்கணக்காக அதை வீட்டு ரவுட்டர்களுக்குள் கொண்டுபோகப் பாடுபட்டார். அவர் 2025 ஏப்ரலில் காலமானார். காணொளி வகுப்பும் வீட்டிலிருந்து வேலையும் உயிர்நாடியாகிப்போன காலத்தில் அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மருந்து இலவசம். லினக்ஸுக்குள் இருக்கிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டு வெள்ளைப் பெட்டிக்குள்ளும் லினக்ஸ்தான் ஓடியது. ஆனால் மருந்தைப் போட எனக்கு அனுமதி இல்லை.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். மூன்று பேரிடம் மாற்றி மாற்றிப் பேசிய பிறகு பதில் வந்தது: “சார், அது கம்பெனி சாமான். நீங்க அதுல கை வைக்கக் கூடாது.”

கம்பெனி சாமான். இந்தச் சொல்லை நான் எங்கே கேட்டிருக்கிறேன்?

என் தாத்தா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். லயத்து வீட்டில் முப்பது வருடம் இருந்தார். வீடு கம்பெனியுடையது. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்ல வேண்டும், கிராணி துரையிடம் சொல்ல வேண்டும். தானே ஏறி இரண்டு ஓட்டை மாற்றினால் குற்றம். வேலை போனால் வீடும் போகும். அந்த வீட்டில் அவர் பிள்ளை பெற்றார், கல்யாணம் செய்து வைத்தார், சாமி கும்பிட்டார். ஆனால் ஒரு ஆணி அடிப்பது என்றாலும் “கம்பெனி வீடு” என்ற நினைப்பு கையைப் பிடித்து நிறுத்தும். அந்த நினைப்பிலிருந்து வெளியே வரத்தான் எங்கள் குடும்பம் கடன் வாங்கி, செலாயாங்கில் அடுக்கு வீடானாலும் பரவாயில்லை, சொந்த வீடு என்று வந்தது. இன்று அந்தச் சொந்த வீட்டு ஹாலுக்குள் ஒரு லயத்து அறையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு நாமே வாடகையும் கட்டுகிறோம்.

தோட்டத்தையும் ரவுட்டரையும் ஒப்பிடுவது மிகை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பட்ட துயரத்தை நான் ஒப்பிடவில்லை. அந்தக் கூச்சத்தைத்தான் ஒப்பிடுகிறேன். தன் வீட்டில் இருக்கும் பொருளைத் தொடுவதற்கு முன் “தொடலாமா?” என்று வெளியாளைக் கேட்கிற கூச்சம் நமக்குள் ஊறிப் போயிருக்கிறது. விற்பவனுக்கு அது வசதி.

இனி, இந்தப் பெட்டிக்குள் இருப்பது யாருடைய சொத்து என்று பார்ப்போம்.

2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் நீலமும் கறுப்புமாக, இரண்டு கொம்பு வைத்த ஒரு ரவுட்டரை விற்க ஆரம்பித்தது. மாடல் பெயர் டபிள்யூஆர்டி54ஜி. அடுத்த வருடமே சிஸ்கோ, சுமார் 50 கோடி டாலருக்கு லிங்க்ஸிஸை வாங்கியது. 2003 ஜூனில் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்ற நிரலர், அந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்று கண்டுபிடித்துப் பொதுவில் எழுதினார். லினக்ஸை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அதன் பொது உரிமத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விற்றால் மூல நிரலையும் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். லிங்க்ஸிஸ் கொடுத்திருக்கவில்லை. ஊரார் கிணற்றில் தண்ணீர் இறைத்து, பாட்டிலில் அடைத்து, “கம்பெனி சாமான்” என்று லேபிள் ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

கேள்வி எழுந்தது, நெருக்கடி வந்தது, சில வாரங்களில் மூல நிரல் வெளியானது. அதை எடுத்துக்கொண்டு உலகின் பல மூலைகளில் இருந்த ஆட்கள் வேலையைத் தொடங்கினார்கள். 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. பெயரின் பிற்பாதியே அந்த நீலப் பெட்டியின் மாடல் பெயர்தான். நிறுவனம் அதற்கு என்ன செய்தது தெரியுமா? 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸைத் தூக்கிவிட்டு வேறொரு மூடிய இயங்குதளத்தைப் போட்டது. சேமிப்பையும் நினைவகத்தையும் பாதியாகக் குறைத்தது. பிறகு கேட்பவர்கள் கூட்டம் குறையவில்லை என்று தெரிந்ததும், பழைய வன்பொருளையே லினக்ஸோடு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் திரும்ப விற்றது. மூடவும் காரணம் காசு, திறக்கவும் காரணம் காசு. 2008 டிசம்பரில் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை, உரிமத்தை மதிக்கவில்லை என்று சிஸ்கோமீது வழக்கே போட்டது. 2009 மே மாதம் சமரசத்தில் முடிந்தது.

ஆகவே “கம்பெனி சாமான்” என்பது பாதி உண்மைதான். பிளாஸ்டிக் கம்பெனியுடையது. சிப் கம்பெனியுடையது. இன்று விற்கிற பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் அதற்கு உயிர் கொடுக்கும் லினக்ஸ் பொதுச் சொத்து. பொதுச் சொத்தை எடுத்துப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிட்டு, “பூட்டைத் தொடாதே” என்று பொதுமக்களிடமே சொல்வதற்கு என்ன பெயர்?

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பதில் ஒரே சொல்: பாதுகாப்பு. நீங்கள் கை வைத்தால் ஓட்டை விழும், திருடன் வருவான், எங்களிடம் விட்டால் பத்திரம்.

பத்திரமாக எதைப் பார்த்துக்கொண்டார்கள் என்று வரலாற்றைக் கேட்போம். 2016இல் மிராய் என்ற தீம்நிரல் உலகம் முழுக்க கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து அடிமைப் படை கட்டியது. எப்படி? தொழிற்சாலையில் வைத்த பெயரையும் கடவுச்சொல்லையும் அறுபது சொச்சம் ஜோடிகளாகப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான். பூட்டு உடைக்கவே இல்லை. சாவி எல்லா வீட்டுக்கும் ஒன்றே. அதே வருடம் நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் முடங்கின. தாக்குதல் நுழையப் பார்த்த இடம், நிறுவனங்கள் தொலைவிலிருந்து ரவுட்டரை நிர்வகிப்பதற்காகத் திறந்து வைத்திருக்கும் கதவு. 2018இல் விபிஎன்ஃபில்டர் 54 நாடுகளிலாவது குறைந்தது 5 லட்சம் பெட்டிகளுக்குள் உட்கார்ந்திருந்தது.

எங்கள் வெள்ளைப் பெட்டியின் மென்பொருள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால். சாவியும் தர மாட்டேன், நானும் வந்து பார்க்க மாட்டேன் என்பவனை எந்த ஊரில் காவல்காரன் என்று சொல்வார்கள்?

இரண்டாவது பதில் அலைக்கற்றை. மென்பொருளை மாற்றினால் வானொலி சக்தியைக் கூட்டி மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்வார்கள் என்பது. இதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். விமான நிலைய வானிலை ரேடாருக்கு இடைஞ்சல் செய்யும் உரிமை எனக்கு வேண்டாம். ஆனால் அந்த நியாயத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள்? 2015இல் அமெரிக்காவின் எஃப்சிசி, வானொலிப் பகுதியைக் காக்கிறேன் என்று கொண்டுவந்த விதியால் பெட்டி முழுவதுமே பூட்டப்படும் நிலை வந்தது. இணையத்தின் தந்தையரில் ஒருவரான விண்ட் செர்ஃபும் டேவ் டாட்டும் நூற்றுக்கணக்கான நிபுணர்களும் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். 2016இல் டிபி-லிங்க்மீது, சக்தி வரம்பை மீற முடிகிற ரவுட்டர்களை விற்றதற்காக நடவடிக்கை எடுத்தபோது, 2 லட்சம் டாலர் அபராதத்தோடு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. திறந்த மென்பொருளை அனுமதிக்கும் வழியை அந்த நிறுவனம் தேட வேண்டும் என்பது அது. வானொலியைக் காப்பதும் வீட்டுக்காரனுக்குச் சாவி கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று கட்டுப்படுத்தும் அமைப்பே ஒப்புக்கொண்டது.

மூன்றாவது பதில் கொஞ்சம் பாசமானது: “சாதாரண ஜனங்களுக்கு இதெல்லாம் வராதுங்க.”

சரி, என்ன வர வேண்டும் என்று பார்ப்போம். பெட்டியைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் பெயரையும் வன்பொருள் பதிப்பு எண்ணையும் படிக்க வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டியின் பட்டியலில் அதே மாடல், அதே பதிப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். சேமிப்பு 8 மெகாபைட்டுக்கும் நினைவகம் 64 மெகாபைட்டுக்கும் குறைவான பெட்டியை வாங்கக் கூடாது. இன்றைக்கு அதுவும் போதாது, இரட்டிப்பாக இருந்தால் நல்லது. முதல் தடவைக்கான கோப்பை இறக்கி, அதன் சரிபார்ப்புக் குறி ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கணினியைக் கேபிளில் இணைத்து, ரவுட்டரின் சொந்தப் புதுப்பிப்புப் பக்கத்திலேயே அந்தக் கோப்பைக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கரண்ட் போகக் கூடாது, ஆகவே மழைக்கால சாயங்காலத்தில் செய்யாதீர்கள். பிறகு 192.168.1.1 என்ற முகவரியில் புதுப் பக்கம் திறக்கும். முதல் வேலை கடவுச்சொல் வைப்பது. வைஃபை அணைந்துதான் இருக்கும், நாமே போட வேண்டும். இணைய நிறுவனத்தின் பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் ஆகிய மூன்றையும் பதிய வேண்டும். யூனிஃபை இணைப்பென்றால் இணையத்துக்கு விலான் 500.

இதில் எது சாதாரண ஜனங்களுக்கு வராது? தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு வந்து லோரி என்ஜினைக் கழற்றி மாட்டக் கற்றவர்கள், யூடியூப் பார்த்து வாஷிங் மெஷின் பெல்ட்டை மாற்றுகிற என் தங்கை, இவர்களுக்கா வராது?

பொய் சொல்ல விரும்பவில்லை. என் முதல் முயற்சி தோற்றது. இணையத்தில் 80 வெள்ளிக்குப் பழைய ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். மாடல் சரி. ஆனால் பதிப்பு மூன்று என்பதைக் கவனிக்காமல் பதிப்பு இரண்டின் கோப்பைத் திணித்தேன். பெட்டி செத்துவிட்டது. இதைச் ‘செங்கல்’ என்பார்கள். உள்ளே கம்பி வைத்து உயிர் கொடுக்க வழி இருக்கிறதாம், அதற்கான கருவியும் பொறுமையும் எனக்கு இல்லை. இரண்டாவது பெட்டி 95 வெள்ளி. இந்த முறை ஸ்டிக்கரை மூன்று தடவை படித்தேன். வரிசையைச் சீராக்கும் பொதியைப் போட்டு, வேகத்தை எங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தில் 90 சதவீதமாகக் கட்டினேன். அப்படிக் கட்டினால்தான் நெரிசல் நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் நம் பெட்டியில் சேரும், நம் வாசல்காரன் அதைப் பிரித்து அனுப்புவான். மலிவான பெட்டிகளின் மூளை சில நூறு மெகாபிட் வேகத்துக்கு மேல் இந்த வேலையைத் தாங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை எட்டேகால். மச்சானின் கைப்பேசி படங்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அளந்தேன். 19 மில்லி விநாடி. பையன் பதில் சொன்னான். டீச்சர், “நல்லா கேக்குதுப்பா” என்றார். அதைக் கேட்டு என் தங்கை அடுப்படியில் நின்று அழுதாள். இரண்டு வருடத்துக்கு மாதம் ஐம்பது வெள்ளி கொடுத்துக் கிடைக்காதது, 95 வெள்ளிப் பழைய பெட்டியிலும் யாரோ இலவசமாக எழுதி வைத்த சில ஆயிரம் வரிகளிலும் கிடைத்தது.

இனி என் கவிஞர் நண்பருக்கு வருகிறேன்.

தோழரே, நீங்கள் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி மேடையில் பேசுபவர். 1998இல் இயற்றப்பட்ட தகவல்தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 3(3) பிரிவு, இந்தச் சட்டத்தின் எதையும் இணையத் தணிக்கைக்கான அனுமதியாகக் கொள்ளக் கூடாது என்று சொன்னது. அதே நாட்டில் 2015 ஜூலையில் சரவாக் ரிப்போர்ட் தளம் முடக்கப்பட்டது. 2016 ஜனவரியில் அதன் கட்டுரையைத் தாங்கியதற்காக மீடியம் தளமே முடங்கியது. 2018 மே மாதம் ஆட்சி மாறிய பிறகுதான் திறந்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், கண்டித்து எழுதியும் இருக்கிறீர்கள். ஆனால் எப்படி முடக்கினார்கள் என்று கேட்டீர்களா?

ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், நம் ரவுட்டர் முதலில் “இந்தப் பெயருக்கு எண் முகவரி என்ன?” என்று ஒரு புத்தகத்தைக் கேட்கும். டிஎன்எஸ் என்பது அதுதான். வழக்கமாக அந்தப் புத்தகம் இணைய நிறுவனத்துடையது. அதிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்தால் அந்தத் தளம் இல்லாததுபோல் ஆகிவிடும். தெரிந்தவர்கள் கூகுள், கிளவுட்ஃபிளேர் வைத்திருக்கும் பொதுப் புத்தகத்தைக் கேட்டார்கள். 2024 செப்டம்பரில் என்ன நடந்தது? அந்தப் பொதுப் புத்தகங்களுக்குப் போகிற கேள்விகளையும் வழியிலேயே மறித்து, தங்கள் புத்தகத்துக்குத் திருப்பிவிட வேண்டும் என்று எம்சிஎம்சி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. செப்டம்பர் 30 கெடு. காரணம், சூதாட்டம், ஆபாசம் போன்ற தீய உள்ளடக்கத்திலிருந்து காப்பாற்றுவது. சில நிறுவனங்கள் உடனே செய்யவும் தொடங்கிவிட்டன. எதிர்ப்பு வெடித்தது. செப்டம்பர் 8ஆம் தேதி அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாக அறிவித்தார்.

நல்லது. ஆனால் அந்தச் சில நாட்களில் கத்தியவர்கள் யார்? பொறியாளர்கள், சின்ன நிறுவனங்கள் நடத்துபவர்கள், கணினி விளையாட்டு ஆடும் பையன்கள். நான் தேடிப் பார்த்தவரை நம் தமிழ் எழுத்தாளர் வட்டத்திலிருந்து ஒரு வரி இல்லை. கடிதம் ஒருவருக்கு எழுதி, தபால்காரர் வேறொருவரிடம் கொடுத்து, அவர் எழுதிய பதிலை முதலாமவர் கையெழுத்து என்று நம்மிடம் நீட்டினால் நாம் சும்மா இருப்போமா? நடக்கவிருந்தது அதுதான். டிஎன்எஸ் என்ற மூன்று எழுத்தைக் கண்டதும் “கம்ப்யூட்டர் கடைக்காரன் வேலை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நம் கையில் உள்ள ரவுட்டரில், முகவரிக் கேள்வியை முத்திரையிட்ட உறையில் வைத்து அனுப்ப முடியும். ஒரு தடவை அமைத்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிக்கும் அது செல்லும். வழியில் யாராவது பிரித்தால் தெரிந்துவிடும். மறிப்பவன் மறிக்கலாம், ஆனால் நமக்குத் தெரியாமல் பொய்ப் பதில் கொடுக்க முடியாது. குறைந்தபட்சம் அந்த நேர்மையைக் கேட்பது குற்றமா?

அதே பெட்டியில் பிள்ளைகளுக்காகச் சூதாட்டத் தளங்களையும் விளம்பரங்களையும் நானே தடுத்து வைத்திருக்கிறேன். தடுப்பதும் விடுவதும் வீட்டில் பேசி எடுக்கிற முடிவாக இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். நீங்கள் தமிழில் தட்டச்சு செய்து இணையத்தில் கவிதை போடுகிறீர்களே, அந்த வழியை வெட்டியது யார்? கணினிக்குத் தமிழ் தெரியாது என்று இருந்த காலத்தில், 1980களின் நடுவிலேயே இதே மண்ணின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலுக்கான வேலையைத் தொடங்கினார். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் கூலியில்லாமல் உட்கார்ந்து சங்க நூல்களிலிருந்து தட்டச்சு செய்தார்கள். “இது கம்பெனி சாமான், தமிழ் வராது” என்று பெட்டி சொன்னதை அவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தால் இந்த இதழ் ஏது, உங்கள் கவிதை ஏது? பெட்டியைத் திறந்து பார்ப்பதும் நம் இலக்கியப் பரம்பரைதான்.

எல்லோரும் இன்றே ரவுட்டரைக் கழற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. இப்போது பல இடங்களில் ஒளியிழைக் கருவியையும் ரவுட்டரையும் ஒரே பெட்டியாக்கித் தருகிறார்கள். அதை மாற்றவே முடியாது. அதனால்தான் இது தனி மனிதச் சாமர்த்தியத்தோடு முடிகிற விஷயம் இல்லை. கோரிக்கையாக வைக்க வேண்டியது.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்த ரவுட்டரைப் போடுவது என்பது வாடிக்கையாளரின் உரிமை. இணைப்புக்குத் தேவையான விவரங்களை நிறுவனம் கேட்காமலேயே கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பது சட்டவிரோதம். எதுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்றும் விற்பவர் அறிவிக்க வேண்டும். இங்கே ரவுட்டரில் எம்சிஎம்சி முத்திரை இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த முத்திரைக்குப் பக்கத்தில், இந்தப் பெட்டியை எந்தத் தேதிவரை பழுதுபார்ப்போம் என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்? ஒற்றைப் பெட்டி கொடுத்தாலும், கேட்பவருக்கு அதன் ரவுட்டர் வேலையை அணைத்துத் தர வேண்டும். இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதித் தர வேண்டும். உள்ளே பொது உரிம மென்பொருள் இருந்தால் அதன் மூல நிரலை எங்கே பெறலாம் என்று தமிழிலும் மலாயிலும் சொல்ல வேண்டும். நாம் வாங்கி வைத்ததைப் பற்றி நமக்குச் சொல்லுங்கள் என்பதுதான் இவ்வளவும். சலுகை எதுவும் கேட்கவில்லை.

2024 நவம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டமே தன் பெயரில் ஒரு ரவுட்டரை 89 டாலருக்கு வெளியிட்டது. தவறு செய்தாலும் செங்கல் ஆகாதபடி மீட்புக்கென்று தனிச் சேமிப்பும் ஒரு சிறு விசையும் வைத்திருக்கிறார்கள். திறந்து வைத்தாலும் பெட்டி விற்கும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது, மாட்டோம் என்றுதான் சொல்ல முடியும்.

வெள்ளைப் பெட்டி இப்போது எங்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் எறியவும் முடியாது. கம்பெனி சாமான் அல்லவா. கீழே, சாமி மாடத்தடியில், 95 வெள்ளிப் பழைய பெட்டி ஓடுகிறது. அதன் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். போன வாரம் புதுப் பதிப்பு வந்திருந்தது. நான் கிள்ளானுக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது.

“மாமா, ஸ்டிக்கர்ல பதிப்பு எண்ணை மூணு தடவை பாத்துட்டுத்தான் போட்டேன்” என்றான் நடுப் பையன்.